சார் ஒத்துக்க மாட்டார்

மார்ச் 3

அக்காவுக்கு,

சாரைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "என்னடி" என்று ஒரு இழுப்பு இழுத்தாலே எனக்குப் பாதிக் கோபம் போய்விடும். மீதியை நீங்கள் பேசியே கரைத்துவிடுவீர்கள். ஆறு வருஷமாகச் சலவைக் கடைக்காரர்களை அப்படித்தானே மடக்கினீர்கள்? கம்பெனி மெயிலில் எழுதலாம் என்றால் அதை இப்போது உங்கள் வீட்டுக்காரரும் திறந்து படிக்கிறார். அவர்தானே இன்றைக்கு சார்! அதனால்தான் தாளும் பேனாவும். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓரகத்திகள் ஒரே அடுப்பில் சமைத்தாலே ஊர் அதிசயமாகப் பார்க்கும். அண்ணனைக் கட்டிய நீங்களும் தம்பியைக் கட்டிய நானும் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து ஒரு கம்பெனியையே நடத்தினோம். சலவைக் கடையில் துணி மாறிப் போகாமல் இருக்க ஒரு சாஃப்ட்வேர். கடைக்காரர்கள் மாதாமாதம் கட்டும் சந்தா தவிர வெளியாரிடம் ஒரு காசு வாங்கியதில்லை. வங்கி இல்லை, முதலீட்டாளர் இல்லை, பிறந்த வீட்டு நகை இல்லை. நடத்துவது இரண்டு பெண்கள் என்று தெரிந்தால் கடைக்காரர்கள் மதிக்க மாட்டார்கள் என்று, உலகத்திலேயே இல்லாத ஒரு முதலாளியை உண்டாக்கினோம். விலையைக் குறைக்கச் சொன்னால், "சார் ஒத்துக்க மாட்டார்." ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னால், "சார் ஒத்துக்க மாட்டார்." பேச்சில் இருந்தவரை தங்கமான மனிதர். நீங்கள் அவருக்கு ஒரு உடம்பைக் கொடுத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

நம்மை வாங்க வந்த பெரிய கம்பெனிக்காரர்கள் சாரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்கள். "இவரைக் கூட்டிட்டுப் போய் உக்கார வெப்போம். தலையை மட்டும் ஆட்டுவாரு" என்றீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். காபி வரும்வரை தலையைத்தான் ஆட்டினார். காபி உள்ளே போனதும் வாய் திறந்துவிட்டது. "நானே வித்துடலாம்னுதான் யோசிச்சிட்டு இருந்தேன்" என்றார். பிறகு என் பக்கம் கையைக் காட்டி, "இந்தப் பொண்ணு டைப்பிங் எல்லாம் பாத்துக்கும். நல்ல பொண்ணு" என்றார்.

அந்த சாஃப்ட்வேரில் நான் எழுதாத வரி ஒன்று இருக்கிறதா அக்கா? சரி, அவர் நடிக்க வந்தவர், நடித்தார். அவர் மேல் எனக்குக் கோபம் கூட இல்லை. அவர் அதைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். வாயை மூடிக்கொண்டு, விருந்தாளிகளைப் பார்த்து, நல்ல மருமகள் மாதிரி சிரித்தீர்கள். நான் எழுந்து வெளியே போனேன். மறு வாரமே அவருக்கு ஆபீசில் மாற்றல் என்று நீங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டீர்கள்.

பதிவில் பங்குதாரர்கள் நாம் இருவர்தான். வரிக்காக வீட்டுப் பெண்கள் பெயரில் எழுதி வைத்திருப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். டைப்பிங் பொண்ணுதான் அந்த இரண்டாவது பெயர் என்று அவர்களுக்குத் தெரியாது. ஏப்ரல் முடிவதற்குள் இரண்டு கையெழுத்தும் வேண்டுமாம். என் கையெழுத்து கிடைக்காது. அதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள், சாரிடமும் சொல்லிவிடுங்கள்.

சின்னவள்

*

மார்ச் 12

அடி சின்னவளே,

கொலை செய்யப் போகிறவள் முன்கூட்டியே தபால் போட்டுச் சொல்வதை இப்போதுதான் பார்க்கிறேன். உன் கையெழுத்தைப் படிப்பதற்குள் எனக்கு ஒரு காபி ஆறிப்போனது.

சாரைப் பெற்றது யாரடி? முதல் கடை ஞாபகம் இருக்கிறதா, அந்த மூலைக்கடை? நான் தொண்டை வறள எல்லாவற்றையும் விளக்கி முடித்தேன். அந்த மனிதர் வாசலையே பார்த்துக்கொண்டு, "ஆம்பளைங்க யாரும் வரலையா? பேசி முடிக்கணும்ல?" என்றார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நீ மேஜைக்கு அடியில் படுத்து வயரைச் சொருகிக்கொண்டிருந்தாய். அங்கிருந்தே குரல் கொடுத்தாய்: "சார் வெளியூர் போயிருக்காருங்க. விலை விஷயம் மட்டும் அவர்தான் முடிவு பண்ணுவாரு." அதுவரை சாய்ந்து கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து எனக்கு நாற்காலி போட்டார். தெருமுனை திரும்பும்வரை வாயைப் பொத்திக்கொண்டு வந்து, அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோமே. அந்தச் சிரிப்பில் பிறந்தவர் சார். இப்போது எல்லாப் பழியும் எனக்கா?

நீ ஒன்றை யோசித்துப் பார்த்ததே இல்லை. நீ உட்கார்ந்து எழுதிய நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது, என் காலுக்கு இல்லை. ஆறு வருஷம் கடை கடையாக நான் நடந்தேன். இஸ்திரி ஆவியில் நின்றுகொண்டு, "அம்மா இங்க அமுக்குங்க, அண்ணே இங்க பாருங்க" என்று கத்தினேன். முழங்காலுக்குக் கீழே நரம்பு புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. டாக்டர் நிற்காதே என்கிறார். நிற்காமல் எப்படி விற்பது? எனக்கு உட்கார வேண்டும் சின்னவளே. அவ்வளவுதான் ஆசை.

ஒருத்தர் கையையும் எதிர்பார்க்காமல் வளர்க்கலாம் என்றாய். சரி என்றேன். வளர்ந்தும் விட்டது, முந்நூறு கடைக்கு மேல். வளர்ந்த பிள்ளையை ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுப்பதில் என்ன தப்பு? கடைக்காரர்களுக்கு ஒரு குறையும் வராது என்று அவர்கள் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சிரித்த விஷயத்துக்கு வருகிறேன். நாலு பேர் முன்னால் கட்டிய கணவனைப் பார்த்து "நீங்க சும்மா இருங்க" என்று சொல்லச் சொல்கிறாயா? உன்னால் முடியும். நான் வளர்ந்த வளர்ப்பு வேறு. என்ன செய்வதென்று தெரியாதபோது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இங்கே வீடு பெரியது, ஜன்னல்கள் நிறைய. திரைச்சீலைகளைத் துவைக்கக் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் சலவைக் கடை மாதிரி வாய்க்குள் நம்பர் சொல்கிறேன். பேச ஆள் இல்லை. அதற்காக நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைக்காதே.

பெரியவள்

*

மார்ச் 24

அக்காவுக்கு,

பிள்ளையைக் கட்டிக்கொடுக்கப் போகிறீர்களா? மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்துவிட்டேன். கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கிற சலவைக் கடை அம்மா, கோட்டுப் பையில் டாக்டர்கள் விட்டுவிட்டுப் போகும் பேனா, சாவிக்கெல்லாம் தனியாகச் சீட்டுப் போட வழி கேட்டிருந்தார். நம் வழக்கப்படி, ஒரு வரி எழுதுவதற்கு முன்னால் கவுன்டரில் போய் மூன்று நாள் நின்றேன். நீங்கள் இல்லாததால் நான். முதல் நாள் மத்தியானமே கால் விண்விண் என்று தெறித்தது. உங்கள் கால் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. ஒரு தடவை கூட நான் கேட்டதில்லை, வெட்கமாக இருக்கிறது. ஆனால் கால் வலிக்குக் கம்பெனியை விற்பதுதான் மருந்தா? நடக்க இன்னொரு ஆள் வைத்திருப்போம் அக்கா. நீங்களும் ஒரு தடவை கூடச் சொல்லவில்லையே.

நான் ஒரு வெள்ளைக் கோட்டுக்கு நம்பர் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெரிய கம்பெனியின் விற்பனை ஆள் வந்தான். டை, பளபள ஷூ. என்னைக் கடை வேலைக்காரி என்று நினைத்திருப்பான்.

"நீங்க வெச்சிருக்கிற பழைய புரோகிராமை நாங்க வாங்கியாச்சும்மா. வருஷக் கடைசிக்குள்ள நிறுத்திடுவோம். இப்பவே எங்களுக்கு மாறிட்டீங்கன்னா நல்லது. துணிக்கு இவ்வளவுன்னு எடுத்துக்குவோம்."

"துணிக்கா? இப்ப மாசத்துக்குத்தானே கட்டுறேன்? சரி, என் பழைய கணக்கெல்லாம்?"

"அது வராதும்மா. புதுசா ஆரம்பிச்சுக்கலாம்."

"அந்த சார் எப்படி இதுக்கு ஒத்துக்கிட்டாரு?"

"சார்தாம்மா மொதல்ல ஒத்துக்கிட்டாரு."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். அவன் போன பிறகு, "ஏம்மா, உங்க சார் இப்படிப் பண்ணலாமா? நாங்கெல்லாம் அவரை நம்பித்தானே இருந்தோம்" என்றார். கையில் இருந்த கோட்டை இரண்டு தடவை மடித்து வைத்தேன்.

ஒரு குறையும் வராது என்று வாக்குக் கொடுத்தார்களாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அவர்களுக்கு நம் சாஃப்ட்வேர் வேண்டாம். நம் கடைகள்தான் வேண்டும்.

அதனால் முடிவு இன்னும் கெட்டியாகிவிட்டது. எல்லாக் கடைகளுக்கும் எழுதப் போகிறேன். சார் என்று ஒருவர் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, விற்க ஒத்துக்கொண்டவருக்கு விற்க உரிமையும் இல்லை என்று.

உங்கள் கொழுந்தனிடம் சொன்னேன். "அண்ணன் சொன்னா அதுல ஒரு நியாயம் இருக்கும்" என்றார். "அப்ப உங்க சட்டைக்குப் பட்டனையும் அண்ணனையே தெச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்றேன். நாலு நாளாகப் பட்டன் இல்லாமல்தான் வேலைக்குப் போகிறார். நியாயம் காற்றோட்டமாக இருக்கும்.

சின்னவள்

*

ஏப்ரல் 2

சின்னவளே,

எழுதாதே. மரியாதையாகச் சொல்கிறேன், எழுதாதே.

கடைக்காரர்களை எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. நீ மூன்று நாள் கவுன்டரில் நின்றாய். நான் அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் போய் நின்றவள். ஆறு வருஷமாக ஏமாற்றினார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். ஒருவன் போனால் பின்னாலேயே பத்துப் பேர் போவார்கள். ஏறி நிற்கிற ஏணியை நீயே உதைத்துத் தள்ளுகிறாய். இவர் வேறு கத்துகிறார். "நான் சொன்ன வார்த்தைக்கு என்ன மதிப்பு? என்னைப் பொய்யன்னு ஊருக்கே சொல்லப் போறாளா?" என்று வீடு அதிர்கிறது.

எழுதினாயானால் என் பாதியை நான் தனியாக அவர்களுக்கே விற்றுவிடுவேன். பிறகு நீயும் அவர்களும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு மிரட்டத் தெரியாது என்று நினைத்திருப்பாய், தெரியும்.

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். இன்னொன்றையும் சொல்லாமல் இந்த உறையை ஒட்ட முடியவில்லை.

போன வாரம் ஒரு கம்பளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருச் சலவைக் கடைக்குப் போனேன். கவுன்டரில் ஒரு பெண், சின்ன வயசு. ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். நம்முடையது! இந்த ஊரில் நான் எந்தக் கடைக்கும் போய் விற்றதே இல்லையே, யாரோ சொல்லி வாங்கியிருக்கிறார்கள். "சட்டை, கை நீளம், காலர் கிழிசல் ஏற்கெனவே உள்ளது" என்று அவள் தட்டினாள். 'ஏற்கெனவே உள்ளது' என்று ஒரு கட்டம் வேண்டும், இல்லாவிட்டால் கிழித்ததே கடைக்காரர்தான் என்று சண்டைக்கு வருவார்கள் என்று உன்னிடம் ஒரு வாரம் மன்றாடியது நான்.

"நல்லா இருக்கா இது?" என்று கேட்டேன்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இதைச் செஞ்ச சார் பெரிய ஆளா இருக்கணும். கவுன்டர்ல நிக்கிறவங்க வாங்குற திட்டு அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

நான்தானடி அந்தத் திட்டை வாங்கியவள். நுனி நாக்கு வரை வந்தது. "ஆமாம், நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுக் கம்பளிக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஆளின் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது. இல்லாத ஒருவன் மேல் பொறாமைப்படுகிறவளை நீ பார்த்திருக்கிறாயா?

இதற்காக நான் இறங்கி வரவில்லை. எழுதாதே.

பெரியவள்

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாளே எல்லாக் கடைகளுக்கும் அனுப்பியாகிவிட்டது. அது முன்னாலேயே வந்திருந்தாலும் அனுப்பியிருப்பேன், பொய் சொல்ல விரும்பவில்லை.

சுருக்கமாகத்தான் எழுதினேன். "இந்தக் கம்பெனியில் சார் கிடையாது. இதை உண்டாக்கியதும் நடத்துவதும் இரண்டு பெண்கள். உங்கள் கடைக்கு வந்து சொல்லிக்கொடுத்தவர் ஒருவர், எழுதியவள் நான். சார் ஒருவர் இருப்பதுபோல் காட்டிக்கொண்டது எங்கள் தப்பு. கம்பெனியை விற்பதாக யார் வந்து சொன்னாலும் நம்ப வேண்டாம். எங்களை விட்டுப் போக விரும்பினால் உங்கள் கணக்கு முழுவதையும் எடுத்துக் கொடுக்கிறோம்." கீழே நம் இருவர் பெயரையும் போட்டேன். உங்கள் பெயர்தான் முதலில். உங்களைக் கேட்காமல் போட்டதற்குத் திட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னதில் பாதி நடந்தது. ஒன்பது கிளை வைத்திருக்கிறாரே, அவர் போனில் கத்தினார். "பொம்பளைங்க வீட்டுக்குள்ள உக்காந்து நடத்துறதுன்னு தெரிஞ்சிருந்தா நான் உள்ளயே வந்திருக்க மாட்டேன்" என்றார். "வந்துட்டீங்களே, ஆறு வருஷத்துல ஒரு துணி காணாமப் போச்சா?" என்றேன். போனை வைத்துவிட்டார். அவர் கணக்கை ஒரு எழுத்துக் குறையாமல் எடுத்து அனுப்பிவிட்டேன். இன்னும் சில பேரும் போனார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. உங்கள் கொழுந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், அண்ணன் பேச்சை எடுக்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் பதில் இப்படி வந்தது: "அது இருக்கட்டும்மா, காலர் கறை வேற, மை கறை வேறன்னு ரசீதுல தனித்தனியா போட முடியுமா?" அடுத்தவர், பழைய ரசீதுத் தாளையே பயன்படுத்தலாமா என்று கேட்டார். மூலைக்கடைக்காரர், "சார் இல்லைன்னா சரி, அக்கா எப்ப வருவாங்க? மெஷின் மாத்தியிருக்கோம், அவங்க வந்தாத்தான் புரியும்" என்கிறார். ஆறு வருஷம் நாம் தூக்கிச் சுமந்த அந்த மனிதரைப் பற்றி யாருக்கும் ஒரு கவலையும் இல்லை. அவர்களுக்குக் கறைதான் கவலை.

வருமானம் குறைந்ததால், கடைகள் பெருகியபோது நாம் எடுத்த வாடகை ஆபீசைக் காலி செய்துவிட்டேன். மறுபடி பின்னறைதான். கட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். இந்த அளவில் இரண்டு வருஷம் கூடத் தாங்குவேன். வெளியார் காசு இல்லாததால் என்னை மூடச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

உங்களைத் தவிர. உங்கள் பாதி உங்களுடையது. விற்பதானால் விற்றுக்கொள்ளுங்கள். தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை, கெஞ்சவும் மாட்டேன். ஆனால் அந்தக் கவுன்டர் பெண்ணிடம் நீங்கள் நாக்கைக் கடித்துக்கொண்டது எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. படித்துவிட்டு அழுதேன்.

சின்னவள்

*

ஏப்ரல் 23

சின்னவளே,

நேற்று அந்தப் பெரிய கம்பெனியின் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். கையெழுத்துப் போடத்தான் போனேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? கேட்காமல் என் பெயரைப் போட்டாளே என்று அவ்வளவு ஆத்திரம். பேனாவைக் கூட வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பெரிய அதிகாரி, பக்கத்தில் இரண்டு பேர். இந்தப் பக்கம் இவர், கோட்டோடு. பக்கத்தில் நான், சாருடைய மனைவி. உன் கடிதம் அவர்கள் காதுக்கும் போயிருக்கிறது, கண்ணுக்குப் போகவில்லை. அதிகாரி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"சார், உங்க டைப்பிங் பொண்ணு என்னமோ கடைகளுக்கு எழுதியிருக்காமே? சார்னு ஒருத்தரே இல்லையாம்! நாங்க யாரும் அதை நம்பலை. வேலைக்கு வெச்சவங்களுக்கு எடம் குடுத்தா இப்படித்தான்."

இவர், "ஆமாமா, அதுக்குக் கொஞ்சம் வாய் ஜாஸ்தி" என்றார்.

"கவலைப்படாதீங்க. எங்களுக்கு நீங்க மட்டும் போதும், ஆலோசகரா இருங்க. அந்த ரெண்டு லேடீஸையும் மாசக் கடைசில அனுப்பிடலாம். ஒருத்தி டைப்பிங். இன்னொருத்தி யாரோ கடை கடையா சுத்துறவங்களாமே? அதுக்கெல்லாம் எங்க பசங்களே போதும், படிச்சவங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், உங்களுக்குக் காபில சர்க்கரை?" என்றார்.

இவர் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, விருந்தாளியைப் பார்த்து.

அப்போதுதான் எனக்கு உன் முதல் கடிதம் விளங்கியது. அதுவரை நான் அதைப் படித்திருந்தேனே தவிர எனக்கு உறைக்கவில்லை. அடி வயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறியது பார், இஸ்திரி ஆவி எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. எழுந்து நின்றேன்.

"சர்க்கரை வேண்டாம். கடை கடையா சுத்துறவ நான்தான்" என்றேன்.

அதிகாரிக்குப் புரியவில்லை. "என்ன மேடம்?" என்றார்.

"சார்னு யாரும் இல்லை. எழுதினது உண்மை. இவர் என் வீட்டுக்காரர், கப்பல் சரக்கு ஆபீஸ்ல கிளார்க். ஒரு சட்டைக்கு நம்பர் போடச் சொல்லுங்க பாப்போம், தெரியாது. பாதிக் கம்பெனி என்னுது. மீதிப் பாதி அந்த டைப்பிங் பொண்ணுது. எங்களை மாசக் கடைசில அனுப்பிட்டு நீங்க எதை வாங்குறீங்க?"

அதிகாரி இவரைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க" என்றார். அத்தனை சொன்ன பிறகும் இவரைத்தான் கேட்கிறான் பார்! இவர் முகம் வெளுத்துவிட்டது. கோட்டைத் தடவிக்கொண்டே, "அவ சொல்றதுதாங்க நெஜம்" என்றார். இருபது வருஷத்தில் எனக்காக இவர் நாலு பேர் முன்னால் சொன்ன ஒரே வாக்கியம். சொன்னதே போதும்.

அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்ப எங்க புரோகிராமை ஒரு வருஷம் இலவசமாவே எல்லாக் கடைக்கும் குடுப்போம். உங்க வீட்டு வியாபாரம் எத்தனை நாள் ஓடும்னு பாக்கலாம்" என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டேன். போகட்டும்.

தெருவுக்கு வந்த பிறகு இவர், "இத்தனை வருஷத்துல ஆபீஸ்ல யாரும் என்னை சார்னு கூப்பிட்டதில்லை. நல்லா இருந்துச்சு, அதான்..." என்றார். பாவமாகத்தான் இருந்தது. வரும் வழியில் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் பாவம் பார்த்துக் கம்பெனியைக் கொடுக்க முடியுமா?

வாய் வீரமாகப் பேசிவிட்டு வந்தேனே தவிர, இப்போது பயமாக இருக்கிறது. இலவசமாகக் கொடுத்தால் யார் நம்மிடம் இருப்பார்கள்? நம் விலையைப் பாதியாகக் குறைக்கலாமா? யோசித்து எழுது. நான் செய்ததுக்கு ஒரு வார்த்தையும் எழுது.

பெரியவள்

*

மே 5

அக்காவுக்கு,

நீங்கள் எழுந்து நின்றதைப் படித்தபோது நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். தலை அலமாரியில் இடித்துக்கொண்டது, பின்னறை அல்லவா. உங்கள் கொழுந்தனைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். "அண்ணியா?" என்றார், நம்பாமல். "அண்ணிதான்" என்றேன். பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் நன்றி சொல்ல மாட்டேன். உங்கள் சொத்துக்கு நீங்கள் எழுந்து நின்றீர்கள். அதற்கு யாராவது நன்றி சொல்வார்களா? அன்றைக்குச் சிரித்ததை இன்னும் மன்னிக்கவில்லை. கொஞ்ச நாள் ஆகும். அதுவரை சேர்ந்து வேலை செய்ய ஒரு தடையும் இல்லை. மன்னித்த பிறகுதான் வேலை என்றால் உலகத்தில் ஒரு கடையும் திறக்காது.

நீங்கள் இனி நிற்க வேண்டாம். நீங்கள் கம்பளி போட்ட சலவைக் கடைப் பெண்ணிடம் பேசிப் பாருங்கள். ஒற்றை விரலால் தட்டினாலும் கவுன்டர் தெரிந்தவள். மாதச் சம்பளத்துக்கு வருவாளா என்று கேளுங்கள். அவள் நடக்கட்டும், நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அந்த ஊரிலும் ஆரம்பிப்போம்.

இப்போது விலை. அவர்கள் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூலைக்கடைக்காரர் வாங்கிப் போட்டுப் பார்த்தாராம். மெஷின் நின்றபோது அவர்களைப் போனில் கூப்பிட்டால் பாட்டுத்தான் பாடிக்கொண்டிருந்ததாம், ஆள் வரவில்லையாம். திரும்பி வந்துவிட்டார். எனக்கும் இரண்டு நாள் பயமாகத்தான் இருந்தது. பிறகு கணக்குப் போட்டேன். பாதி விலைக்கு இறங்கினால் அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, கூப்பிட்டால் எடுக்க ஆள் இருக்காது, நாமும் பாட்டுத்தான் போட வேண்டிவரும். இலவசத்தோடு விலையில் மோதி ஜெயித்தவர் யாரும் இல்லை.

அதனால் குறைக்கப் போவதில்லை. ஏற்றப் போகிறேன். அடுத்த மாதத்திலிருந்து எல்லாக் கடைக்கும். போகிறவர்கள் போகட்டும், இருக்கிறவர்களுக்குக் கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரும். பைத்தியக்காரத்தனம் என்பீர்கள். சரி என்று பட்டால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், பாதி உங்களுடையது.

போட்டீர்களானால், கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். உங்கள் வாயால் சொன்னால்தான் கேட்பார்கள். முகம் சுளிப்பார்கள். "பக்கத்துல சும்மா குடுக்குறான், இந்த நேரத்துல எவன் விலையை ஏத்தச் சொன்னது?" என்று எகிறுவார்கள். அப்போது என் பக்கம் கூடக் கையைக் காட்டாதீர்கள் அக்கா. சிரிக்காதீர்கள். கண்ணைப் பார்த்து, "நான்தான்" என்று சொல்லுங்கள்.

சின்னவள்